பழைய சாஃப்ட்வேருக்கு எந்த விண்டோஸ் சரி? அரிசி மூட்டை சொல்லித்தரும் பாடம்!

சில வருடங்களுக்கு முன்பு வரை அரிசிக் கடையில் 25 கிலோ சிப்பம்தான் வழக்கம். 2022 ஜூலைக்குப் பிறகு கடைக்குப் போனவர்கள் மூட்டையைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பிப்போனார்கள். 25 இருந்த இடத்தில் 26 கிலோ என்று அச்சாகியிருந்தது. "ஒரு கிலோ இலவசமா?" என்று கேட்டவர்களும் உண்டு.

காரணம், வரி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி வந்தது. 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை. பல ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டிவிட்டன.

மூட்டை மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால், ஆலையின் ஆபீஸ் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஒன்று மாற வேண்டியிருந்தது. அது பில் போடும் சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேர் 20 வருடங்களுக்கு முன்பு எழுதப்பட்டதாக இருந்தால்? அதைத் திருத்த எந்த கம்ப்யூட்டரில், எந்த விண்டோஸில் உட்கார வேண்டும்?

இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம். இது புரோகிராமர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. கடையில் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் அப்பா, அலுவலகத்தில் பழைய கணக்கு புரோகிராமோடு மல்லுக்கட்டும் அக்கா, கல்லூரி லேபில் டர்போ சி பார்த்த தம்பி என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு வரி மாற்றம்தான்... ஆனால்?

கள்ளக்குறிச்சி, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள், ஏராளமான நவீன அரிசி ஆலைகள்.

இங்கே ஓர் அரிசி ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். 2004-ல் உள்ளூர் கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஒருவர் 'விஷுவல் பேசிக் 6'-ல் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது வெளியூரில் இருக்கிறார். மூல நிரல் ஒரு சிடியில் இருக்கிறது. சாஃப்ட்வேர் ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இன்றும் ஓடுகிறது. அதில் எடை மேடை இணைக்கப்பட்டிருக்கிறது, பக்கத்திலேயே 'கரகர' என்று அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து, கள்ளக்குறிச்சி டவுனில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணை ஆலை முதலாளி கூப்பிடுகிறார். அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்.

"ஏம்மா, 10 கிலோ பையும் போடலாம்னு இருக்கோம். அதுக்கு மட்டும் அஞ்சு பர்சென்ட் வரி விழணும். 26 கிலோ மூட்டைக்கு இப்ப மாதிரியே வரி இல்லாம வரணும். அவ்வளவுதான். புதுசா ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிட்டேன், அதுல போட்டுக் குடுத்துடு."

"சரிங்கய்யா, பார்க்கிறேன்."

நிரலில் அது ஒரு வரி வேலை. ஆனால் முதலாளி வாங்கியிருப்பது விண்டோஸ் 11. அந்தப் பெண்ணிடம் இருப்பது 4 ஜி.பி ரேம் கொண்ட விண்டோஸ் 10 லேப்டாப். சாஃப்ட்வேர் பிறந்ததோ எக்ஸ்.பி காலத்தில். எதில் திருத்துவது? தவறான இடத்தில் திருத்தினால் நாளைக் காலையில் ஆலை வாசலில் லாரி நிற்கும், பில் வராது.

இந்த நிலைமையில் இருக்கும் யாரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி 1: சாஃப்ட்வேருக்கு வயது என்ன?

டாஸ் காலத்து சாஃப்ட்வேர்கள் 16 பிட் வகை. டாஸுக்கான ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர், டர்போ சி எல்லாம் அந்தத் தலைமுறை. 64 பிட் விண்டோஸில் இவை நேரடியாக ஓடவே ஓடாது. 32 பிட் விண்டோஸ் 10 வரை ஓட்டுவதற்கு வழி இருந்தது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதாவது, புது கம்ப்யூட்டர் வாங்கியதுமே அந்தக் கதவு மூடிவிடுகிறது.

1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6 அதற்கு அடுத்த தலைமுறை, 32 பிட். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இதில் செய்த சாஃப்ட்வேர்கள் ஓடுவதற்குத் தேவையான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11-லும் இருக்கின்றன. எனவே, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் புது கம்ப்யூட்டரில் ஓட நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால், 'ஓடுவது' வேறு, 'திருத்துவது' வேறு. நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் பேசிக் 6 கருவிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதிய விண்டோஸில் அதை இன்ஸ்டால் செய்வது பலருக்குப் பெரும் சோதனை. பழைய சாஃப்ட்வேரில் ஒட்டியிருக்கும் ரிப்போர்ட் கருவி, காலண்டர் பெட்டி போன்ற துணைக் கோப்புகளில் ஒன்று காணாமல் போனாலும் நிரல் திறக்கவே மறுக்கும்.

கேள்வி 2: சாஃப்ட்வேர் கடைசியில் எங்கே ஓடப்போகிறது?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தன் லேப்டாப்பில் நன்றாக ஓடினால் போதும் என்று நினைத்துவிடுவார்கள்.

2011-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சரியான உதாரணம். விண்டோஸ் 7-க்கு 'சர்வீஸ் பேக் 1' வந்தது. டேட்டாபேஸோடு பேச உதவும் 'ஏ.டி.ஓ' என்ற பகுதியில் அப்போது ஒரு மாற்றம் செய்யப்பட்டது. விளைவு? அந்த விண்டோஸில் உட்கார்ந்து, ஒரு வரியைக்கூட மாற்றாமல், மறுபடி கம்பைல் செய்த பழைய சாஃப்ட்வேர்கள்கூட எக்ஸ்.பி கம்ப்யூட்டர்களில் ஓட மறுத்தன. உருவாக்கியவர் கம்ப்யூட்டரில் எல்லாம் சரி, வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் எர்ரர். இந்தச் சிக்கலுக்குப் பின்னர் மைக்ரோசாஃப்ட்டே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

அதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. உங்கள் சாஃப்ட்வேர் ஓடப்போகும் கம்ப்யூட்டர்களில் எது மிகப் பழையதோ, அதில் இருக்கும் விண்டோஸிலேயே கம்பைல் செய்யுங்கள். பிறகு, புதிய விண்டோஸ்களில் ஓட்டிச் சோதித்துப் பாருங்கள். பழையதில் செய்தது பெரும்பாலும் புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இணைத்திருக்கும் கருவிகளையும் மறக்கக் கூடாது. எடை மேடையிலிருந்து வரும் வயர் பெரும்பாலும் பழைய 'சீரியல் போர்ட்'டில் செருகுவது. புது கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது இருக்காது, யு.எஸ்.பி கன்வெர்ட்டர் தேவைப்படும். பழைய பிரின்டருக்கு விண்டோஸ் 11-க்கான டிரைவர் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் 'புதுசுல போட்டுத் தர்றேன்' என்று தலையாட்டிவிட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி 3: அந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இருக்குமா?

எக்ஸ்.பி-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-ல் நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டது.

தேதி முடிந்த கம்ப்யூட்டர் மறுநாளே நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஆதரவு முடிந்து மூன்று வருடங்கள் ஆகியும் எக்ஸ்.பி-க்கு மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது என்றால், பிரச்னை எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே, எக்ஸ்.பி, விண்டோஸ் 7 இரண்டையும் வைத்திருக்கலாம். ஆனால், இன்டர்நெட்டில் இணைக்கக் கூடாது. பேங்க் வேலை, ஜி.எஸ்.டி தாக்கல், இமெயில் எல்லாம் புதிய விண்டோஸில். பழைய சாஃப்ட்வேர் மட்டும் பழைய விண்டோஸில்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

எக்ஸ்.பி: 1998 முதல் 2005 வாக்கில் பிறந்த சாஃப்ட்வேர்களுக்குத் தாய்வீடு. விஷுவல் பேசிக் 6 இதில் சிரமமில்லாமல் உட்காரும். மிகக் குறைந்த ரேம் போதும். இன்டர்நெட் பக்கம் மட்டும் போகவே கூடாது.

விண்டோஸ் 7 (32 பிட்): பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் ஒரு பாலம். 16 பிட் சாஃப்ட்வேர்களையும் ஓரளவு தாங்கும். மேலே சொன்ன 2011 சிக்கலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10: 32 பிட் பதிப்பு கையில் இருந்தால், டாஸ் சாஃப்ட்வேர்களுக்கு விண்டோஸ் தரும் கடைசி வாய்ப்பு இதுதான்.

விண்டோஸ் 11: அன்றாட வேலைக்கும், திருத்திய சாஃப்ட்வேரைக் கடைசியாகச் சோதிக்கவும் நல்லது. குறைந்தது 4 ஜி.பி ரேமும் டி.பி.எம் 2.0 சிப்பும் கேட்கும் என்பதால் பழைய லேப்டாப்கள் பலவற்றில் நுழையாது.

லினக்ஸ்: இலவசம். 'வைன்' மூலம் சில பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர்களும், 'டாஸ்பாக்ஸ்' மூலம் டாஸ் சாஃப்ட்வேர்களும் ஓடும். 'சில' என்பதுதான் முக்கியம். சோதிக்காமல் நம்ப முடியாது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இத்தனை விண்டோஸுக்கு இத்தனை கம்ப்யூட்டரா வாங்க முடியும்? தேவையில்லை. 'விர்ச்சுவல் மெஷின்' என்ற வசதி இருக்கிறது. 'விர்ச்சுவல்பாக்ஸ்' போன்ற இலவச சாஃப்ட்வேரை லேப்டாப்பில் போட்டால், அதற்குள் ஒரு ஜன்னலில் முழு எக்ஸ்.பி-யும் ஓடும். உள்ளே இருக்கும் எக்ஸ்.பி-க்கு 512 எம்.பி ரேம் கொடுத்தாலே தாராளம். 4 ஜி.பி லேப்டாப்பே போதும்.

இதன் பெரிய வசதி 'ஸ்னாப்ஷாட்'. எல்லாம் சரியாக இருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்ததுபோல அப்படியே சேமித்துவிடலாம். பிறகு எதையாவது கெடுத்துவிட்டால் ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். உள்ளே இருக்கும் எக்ஸ்.பி-க்கு நெட்வொர்க் கனெக்‌ஷனை அணைத்துவிட்டால், பாதுகாப்புக் கவலையும் பெருமளவு குறையும்.

நம் கற்பனைப் பெண்ணுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி பஸ் கல்வராயன் மலை ஏறினால், பல இடங்களில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வார விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க நினைத்தால், இன்டர்நெட்டை நம்பியிருக்கும் எந்த வழியும் சரிப்படாது. டவுனிலேயே தேவையானதை எல்லாம் டவுன்லோடு செய்து, எக்ஸ்.பி, விஷுவல் பேசிக், துணைக் கோப்புகள் எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, ஒருமுறை கம்பைல் செய்து பார்த்துவிட்டு பஸ் ஏறினால் போதும். சிக்னல் வந்தாலும் வராவிட்டாலும் வேலை நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. விர்ச்சுவல் மெஷினுக்குள் போடும் விண்டோஸுக்கும் முறையான லைசென்ஸ் வேண்டும். முன்பின் தெரியாத தளங்களில் கிடைக்கும் 'கிராக்' பதிப்புகளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். ஆலையின் கணக்கு முழுவதையும் அதில் ஏற்றுவது, சாவியைக் கொண்டுபோய்த் திருடனிடம் கொடுப்பது மாதிரி. டாஸ் சாஃப்ட்வேர் என்றால் 'ஃப்ரீடாஸ்', 'டாஸ்பாக்ஸ்' இரண்டுமே இலவசம்.

தமிழில் பில் போட்டால் கூடுதல் கவனம்!

தமிழ்நாட்டுப் பழைய சாஃப்ட்வேர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது எழுத்துரு.

விண்டோஸில் தமிழ் யூனிகோட் வசதி விண்டோஸ் 2000-ல்தான் வந்தது. எக்ஸ்.பி-யில்கூட அதைத் தனியாக 'டிக்' செய்து இயக்க வேண்டும். விஷுவல் பேசிக் 6-ன் வழக்கமான எழுத்துப் பெட்டிகளுக்கு யூனிகோட் தெரியாது. அதனால், அந்தக் காலத்தில் தமிழில் பில் வேண்டுமென்றால் பாமினி, டாம், டாப் போன்ற முறைகளில் அமைந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். திரையில் 'அரிசி' என்று தெரியும். டேட்டாபேஸுக்குள் இருப்பதோ வேறு ஏதோ குறியீடுகள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், வாடிக்கையாளர் பெயர் முழுக்கப் புரியாத கிறுக்கலாகிவிடும்.

தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு உருவான கடைக் கணக்குகள், டி.டி.பி கோப்புகள், சங்கப் பதிவேடுகள் பல இன்றும் பழைய எழுத்துருவிலேயே இருக்கின்றன. எனவே, பழைய கம்ப்யூட்டரைக் கழற்றும் முன் அதில் இருக்கும் எழுத்துருக் கோப்புகளை முதலில் காப்பி எடுங்கள். பிறகு, 'என்.எச்.எம் கன்வெர்ட்டர்' போன்ற கருவிகளால் தகவல்களை யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸிலும் இதேபோல ஒரு பொறி இருக்கிறது. ஆக்செஸ் 97 கோப்பை ஆக்செஸ் 2013-ம் அதற்குப் பிறகு வந்தவையும் திறக்காது. இடைப்பட்ட பதிப்புகளில் திறந்தால் 'புதிய வடிவத்துக்கு மாற்றலாமா?' என்று கேட்கும். யோசிக்காமல் 'ஆமாம்' சொல்லிவிட்டால், பழைய பில்லிங் சாஃப்ட்வேரால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் போகலாம். எப்போதும் ஒரிஜினலைத் தொடாமல் காப்பியில் மட்டுமே வேலை செய்யுங்கள்.

அரசாங்கமும் சந்தித்த கேள்விதான்

இது ஏதோ ஓர் ஆலையின் பிரச்னை மட்டுமில்லை. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2014-ல் எக்ஸ்.பி-க்கு ஆதரவு முடியும் நேரத்தில், அரசுத் துறைகள் 'பாஸ்' லினக்ஸைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றிலும் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது.

கடிதம் அடிக்கவும், இணையம் பார்க்கவும் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் போதும். ஆனால், ஒரே ஒரு விண்டோஸுக்காக எழுதப்பட்ட சாஃப்ட்வேர் அலுவலகத்தில் இருந்தால், அதை எங்கே குடிவைப்பது என்பதற்குப் பதில் கிடைக்கும் வரை முழுதாக மாற முடியாது. அரசு அலுவலகமானாலும் அரிசி ஆலையானாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்றே செய்ய வேண்டியவை

உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ பழைய சாஃப்ட்வேர் இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றைச் செய்துவிடுங்கள்.

• மூல நிரல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கி வையுங்கள். சிடி, ஃபிளாப்பியில் இருந்தால் இப்போதே பென்டிரைவுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் மாற்றுங்கள். மூல நிரல் இல்லாமல் வரி விகிதத்தை மாற்றுவது மிகக் கடினம்.

• சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலேஷன் கோப்பு, துணைக் கோப்புகள், எழுத்துருக்கள், பிரின்டர் டிரைவர், லைசென்ஸ் எண் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

• கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸின் பெயர், அது 32 பிட்டா 64 பிட்டா, சர்வீஸ் பேக் எண் என்ன என்பதை ஒரு பேப்பரில் எழுதி ஒட்டுங்கள்.

• டேட்டாவை வாரம் ஒருமுறை இரண்டு இடங்களில் காப்பி எடுங்கள்.

• திருத்திய சாஃப்ட்வேரை நேரடியாக மாற்றிவிடாமல், இரண்டு மூன்று நாள்கள் பழையதோடு சேர்த்தே ஓட்டி, பில் தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த 10 கிலோ பை என்ன ஆச்சு?

நம் கற்பனைக் கதையை இப்படி முடிக்கலாம். ஆலையில் இப்போது இருப்பது விண்டோஸ் 7, வரப்போவது விண்டோஸ் 11. ஆகவே, அந்தப் பெண் எக்ஸ்.பி விர்ச்சுவல் மெஷினில் திருத்திக் கம்பைல் செய்கிறார். திங்கள்கிழமை பென்டிரைவோடு வந்து, முதலில் பழைய விண்டோஸ் 7-ல் சோதிக்கிறார். 26 கிலோவுக்கு வரி பூஜ்யம், 10 கிலோவுக்கு 5 சதவிகிதம். பிறகு, எழுத்துருவை ஏற்றிவிட்டு விண்டோஸ் 11-லும் ஓட்டிப் பார்க்கிறார். பில் வருகிறது. யு.எஸ்.பி கன்வெர்ட்டர் வாங்கும்வரை எடை மேடை மட்டும் பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும் என்று சொல்கிறார்.

"அப்ப பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்கிறார் முதலாளி.

"வேணாங்கய்யா. நெட் வயரை மட்டும் எடுத்துடுங்க. அது பாட்டுக்கு எடை போட்டுட்டு இருக்கட்டும்."

வரி விதிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி விகிதங்கள் மறுபடியும் மாற்றியமைக்கப்பட்டு, 12, 28 சதவிகித அடுக்குகள் பெரும்பாலும் நீங்கின. அன்றைக்கு மளிகைக் கடை முதல் எலெக்ட்ரிக்கல் கடை வரை பில்லிங் சாஃப்ட்வேரைத் திருத்த வேண்டியிருந்தது. மூல நிரலையும், அதைத் திறக்கக்கூடிய பழைய விண்டோஸையும் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அது சில மணி நேர வேலை. தொலைத்துவிட்டவர்களுக்கு, புது சாஃப்ட்வேர் வாங்கி, 20 வருடக் கணக்கை முதலிலிருந்து ஏற்றும் வேலை.

புது கம்ப்யூட்டர் வாங்குவதில் தவறில்லை. பழைய சாஃப்ட்வேர் திறக்கும் ஒரு விண்டோஸ் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்!